நாலு மணி முதல் நாலே முக்கால் வரை

சென்ற மாதம் கரமனையில் எங்கள் தெரு அசோசியேஷன் ஹாலில் மனநலம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. நாற்பத்தாறு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்றில் ஆள் இருந்தது. பேச வந்த பெண்மணி திரையில் படம் காட்டி, மலையாளத்தில், நிதானமாகச் சொன்னார். நேரத்துக்குத் தூங்குங்கள். உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். உதவி வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆறு விஷயம். ஆறுக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு மாமி ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆறையும் ஒருத்தி எங்கள் தெருவிலேயே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்தாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால். அன்று அதே ஆட்கள், அதே தெருவில், அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். இன்று படம் காட்டிச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாட்டுப்பெண் அவள். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அந்தப் பக்கம் அவள், அவள் புருஷன், படுக்கையிலிருந்த அவள் மாமியார். புருஷன் செக்ரட்டேரியட்டில் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஏழுக்கு வருவான். நடுவில் உள்ள பத்து மணி நேரமும் அவள் மாமியாரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, மறுபடி புரட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்போது நாற்பதுக்கு இரண்டோ மூன்றோ குறைவு. குழந்தை இல்லை. ஒல்லி. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துப் படுத்துவிடுவாள். காலை பதினொன்றரைக்கு அவள் சாப்பிடுவாள். தட்டைப் போட்டு, தரையில் சம்மணமிட்டு, சூடான சாதத்தில் நெய் விட்டு. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகள் மற்ற எல்லோருக்கும் பிறகு, நின்றபடியே, பாத்திரத்தில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுவதுதான் அன்றைய வழக்கம். ஒரு நாள் எதிர்வீட்டு மாமி தயிருக்கு உறைமோர் கேட்டு உள்ளே போனபோது இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியாருக்கான கஞ்சி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கிழவிக்குக் கொடுக்காமல் நீ தின்கிறாயா என்று கேட்டிருக்கிறாள். இவள் எழுந்திருக்கவில்லை.

"அவாளுக்கு ஆறினது வேணும் மாமி. எனக்குச் சூடா வேணும். ரெண்டும் சரியா நடந்துண்டிருக்கு" என்றாளாம்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டுக்கு இந்தச் செய்தி போய்விட்டது.

கோயில் திருவிழாவுக்கு அப்பம் சுட, ஓணத்துக்கு அசோசியேஷன் பூக்களம் போட, யார் வீட்டுச் சீமந்தத்துக்கோ முறுக்கு சுற்ற எப்போதும் ஆள் கூப்பிடுவார்கள். வர முடியாதவர்கள் தலைவலி என்பார்கள், ஊரிலிருந்து விருந்தாளி என்பார்கள். பொய் என்று கேட்பவருக்கும் தெரியும். ஆனால் பொய் சொல்வது மரியாதை. இவள் காரணமே சொல்ல மாட்டாள். "முடியாது மாமி. நான் வரலை" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நிற்பாள். எங்கள் தெருவால் அதைத் தாங்கவே முடியவில்லை. திமிர் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அழுவாள். எப்படித் தெரியும் என்றால், அவர்கள் குளியலறையும் எங்கள் குளியலறையும் முதுகோடு முதுகு. ஞாயிறு காலை ஒன்பது மணி சுமாருக்கு அங்கே குழாய் திறக்கும். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும். ஏழு நிமிடம். சில வாரம் எட்டு. பிறகு குழாய் மூடும், முகம் கழுவுவாள், வெளியே வந்து புருஷனிடம் இரண்டாவது காப்பி வேண்டுமா என்று சாதாரணக் குரலில் கேட்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நிற்பதை என் மனைவி ஒரு தடவை பார்த்துவிட்டாள். "ஒரு பொம்மனாட்டி அழறதை யாராவது எண்ணுவாளா?" என்று கேட்டாள். எண்ணுவதில் என்ன தப்பு என்று அன்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. முப்பத்து மூன்று வருஷம் புள்ளிவிவர அலுவலகத்தில் எண்ணியவன் நான்.

இதெல்லாம் சின்னக் குற்றங்கள். பெரிய குற்றம் நாலு மணிக்கு. தினமும் சரியாக நாலுக்கு அவள் மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்து, துணி மாற்றி, வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவாள். கரமனையாற்றில் எங்கள் தெரு முடியும் இடத்திலிருந்து ஜங்ஷன் வழியாக ஐந்து நிமிட நடையில் பழைய படித்துறை இருக்கிறது. மூன்றாவது படியில் உட்காருவாள். புத்தகம் இல்லை, ஜபமாலை இல்லை, கையில் செல்போன் இல்லை. நாலே முக்காலுக்குத் திரும்பிவிடுவாள். ஜபம் செய்திருந்தால் தெரு மன்னித்திருக்கும்.

ஒரு தடவை எதிர்வீட்டு மாமி அவளை வழியில் நிறுத்தி, என் காது கேட்கவே கேட்டாள். "அங்க என்னடி வெச்சிருக்கே, புதையலா?"

"அங்க ஒண்ணும் இல்லை மாமி. அதுக்குத்தான் போறேன்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, கேட்டேளா என்பதுபோலக் கண்ணை உருட்டினாள். நானும் உருட்டினேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஏனென்றால் அதற்கு அடுத்த வாரம் அவள் என்னிடம் வந்தாள். நான் ரிட்டயர் ஆகி ஆறு மாதம் ஆகியிருந்தது. தெருவில் போகும் ஆட்டோக்களை எண்ணிக்கொண்டு, மனைவியின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கு நரகமாக இருந்த காலம். கையில் ஒரு சாவியோடு வந்து நின்றாள்.

"மாமா, நீங்க எதையும் விடாம எண்ணுவேள்னு உங்காத்து மாமி சொன்னா. எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். நாலுலேர்ந்து நாலே முக்கால் வரை எங்காத்து மணியை எண்ணித் தரணும்."

மாமியாரின் கட்டில் கம்பியில் புருஷன் ஒரு சைக்கிள் மணியை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியிருந்தான். அந்த அறையின் சுவர்தான் எங்கள் கூடத்துச் சுவர். ஒரு தடவை அடித்தால் ஒன்றுமில்லை, தனியாக இருக்கிறோமே என்று அடிப்பது. சுவரில் தட்டினால் போதும். இரண்டு அடித்தால் தாகம். அவள் வரும்வரை தாங்கும். மூன்று அடித்தால் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இவ்வளவுதான் விதி. சாவியை எங்கள் கூடத்தில் ஆணியில் மாட்டினேன். சுவரோரம் நாற்காலி போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டிக்கொண்டேன்.

பதினாலு மாதம் செய்தேன். ஒன்பது தடவை சாவியோடு ஓடினேன். கிழவி என்னை ஆபீசர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். நாலு மணி எப்போது வரும் என்று மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். நான் சமையலில் குறை சொல்வதை நிறுத்திவிட்டதாக என் மனைவி வலியசாலையிலிருக்கும் அவள் தங்கையிடம் சொன்னாள். அந்த முக்கால் மணி நேரம் எனக்கும் மருந்து. அப்போது தெரியவில்லை.

இடவப்பாதி என்கிற ஜூன் மழை தொடங்க இரண்டு மூன்று நாள் இருந்தது. என் குடையில் எட்டுக் கம்பிகளில் இரண்டு ஒடிந்திருந்தது. ஜங்ஷனில் ஒரு குடை ரிப்பேர்காரர் சாயங்காலத்தில் மட்டும் வந்து உட்காருவார். அன்று என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் நோட்டைப் புரட்டினேன். கடைசி அறுபது நாளில் ஐம்பத்தாறு நாள், நாலு பத்துக்கும் நாலு முப்பத்தைந்துக்கும் இடையில் மணி அடிக்கவே இல்லை. கிழவி கண்ணயரும் நேரம் அது. போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம், கம்பி மாற்றப் பத்து நிமிடம். பதினெட்டு நிமிடம். நாலு பன்னிரண்டுக்குக் கிளம்பினேன்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவள் என்னிடம் கேட்டது கணக்கு அல்ல. அங்கே உட்கார்ந்திருக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

ரிப்பேர்காரரிடம் எனக்கு முன்னால் இரண்டு குடை இருந்தது. நான் திரும்பியபோது நாலு ஐம்பத்திரண்டு. பக்கத்து வீட்டு வாசலில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். கிழவி கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தாள். அவள் தலையை இவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடிச்சேன், அடிச்சேன், யாரும் வரலை என்று கிழவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புருஷன் ஆட்டோவில் வந்து இறங்கினான். நல்ல பையன். பதற்றத்தில் நேராக என்னிடம்தான் வந்தான்.

"மாமா, மணி கேட்டுதா?"

"கேக்கலை" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. முப்பத்து மூன்று வருஷம் கோப்புகள் எழுதியவனுக்கு இப்படி ஓர் உண்மையை எங்கே வைப்பது என்று தெரியும். எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் இரண்டு பேரைக் கொன்றேன். கிழவியை உளறுபவள் ஆக்கினேன். பாவம், புத்தி கலங்கிப் போச்சு, அடிக்காததை அடிச்சேன்கிறா என்று எதிர்வீட்டு மாமி உச்சுக்கொட்டினாள். மணி அடிக்கக்கூட முடியாத மனுஷியைப் பூட்டிவிட்டுக் காற்று வாங்கப் போனவள் என்று மருமகளை ஆக்கினேன். அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். ஏழு பேரும் சொன்னார்கள். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடித்தார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். பிறகு கிழவியின் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

என் மனைவி ஆறரைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். ஆணியில் சாவி இருப்பதையும் குடையில் புதுக் கம்பி இருப்பதையும் பார்த்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள். நாளைக்கு என்றேன். நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன் என்றாள். இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து என் மனைவி காலை பதினொன்றரைக்குத் தட்டைப் போட்டு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறாள். எனக்கு ஆறியதுதான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மறுநாள் அவள் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். என்ன சொல்வாள், நான் என்ன சொல்வது என்று நாலு பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"சாவியைத் தரேளா மாமா? இனிமே வேண்டாம், நான் போகலை" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பியவள் நின்றாள். "நேத்து திரும்பி வரச்சே ஜங்ஷன்ல உங்களைப் பார்த்தேன். குடை சரியாச்சா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உடம்பு தேவலையா என்று கேட்பதுபோலக் கேட்டாள். சரியாச்சும்மா என்றேன். நாலு பதிலும் தேவைப்படவில்லை. அவள் மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான். தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லத் தெரிந்தவள், என் பாவத்தைச் சுமக்க மட்டும் ஏன் முடியாது என்று சொல்லவில்லை?

அதற்குப் பிறகு பதினோரு மாதம். நோட்டை மூடிவிட்டேன், காதை மூட முடியவில்லை. பதினொன்றரைக்குத் தட்டு வைக்கும் சத்தம் நின்றது. பாத்திரத்தில் கரண்டி சுரண்டும் சத்தம் மூன்று மணிக்குக் கேட்கும். நின்றபடி தின்கிறாள் என்று அர்த்தம். நாலு மணிக்குக் கதவு பூட்டும் சத்தம் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கும் அந்தப் பக்கம் நடமாடும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் குழாய் திறக்கவில்லை. நாற்பத்தேழு ஞாயிறு. அப்பம் சுடக் கூப்பிட்டால் சரி மாமி என்றாள். முறுக்குச் சுற்றக் கூப்பிட்டால் சரி மாமி என்றாள். இப்போதுதான் குடும்பப் பெண்ணாக ஆகியிருக்கிறாள் என்று தெரு மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவராவது அவள் முகத்தைப் பார்த்தாரா? நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதைப் பார்க்காதவர்களைவிட நான் எந்த விதத்தில் மேல்?

ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பால் தீயும் நெடி வந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நானும் என் மனைவியும் உள்ளே போனோம். பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. உள் அறையில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று. மறுபடி மூன்று. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கிழவியிடம் ஓடினாள். நான் குனிந்து, எழுந்திரும்மா என்றேன்.

"எழுந்துக்க வரலை மாமா" என்றாள். பிறகு, "மணி என்ன?" என்று கேட்டாள்.

பார்த்தேன். "நாலு பத்து."

"அப்போ பத்து நிமிஷம் போயிடுத்து" என்றாள்.

பதினோரு மாதமாக அவள் போகவில்லை. ஆனால் உள்ளே ஒவ்வொரு நாளும் நாலு மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மிச்சம் முப்பத்தைந்து நிமிடம் என்று என் மூளை கழித்துச் சொன்னது. அந்த நேரத்திலும் கழித்தது. அந்த மூளையைத் தூக்கி எறிய வழியிருந்தால் அன்றே எறிந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். தினமும் உனக்காக என்று ஏதாவது செய்வாயா என்று டாக்டர் கேட்டதற்கு, முன்னால் செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னாளாம். புருஷன் என் கூடத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். காப்பி கொடுத்தேன். திருநெல்வேலியிலிருந்து அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனார். கிழவியைக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை விற்றார்கள். இப்போது அங்கே கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு ஜோடி இருக்கிறது; காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பார்கள். சுவர் சும்மா நிற்கிறது.

வகுப்புக்கு வருகிறேன். கடைசியில் அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். தினமும் அரை மணி நேரமாவது தனக்கென்று ஒதுக்குபவர்கள் கை தூக்குங்கள் என்றார். முப்பத்தெட்டுக் கை. அன்று வாசலில் நின்ற ஏழு பேரில் நாலு பேர் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். நாலு கையும் மேலே இருந்தது. எதிர்வீட்டு மாமி, நான் தினமும் நாற்பது நிமிஷம் வெச்சிருக்கேனாக்கும் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன். எழுபத்து மூன்று வயது; முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் எங்காத்துல இல்லை" என்றேன்.

"எந்த அன்னிக்கு மாமா? இரிக்கணும், சாயா வந்தாச்சு" என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி.

உட்காரவில்லை. சைக்கிள் மணி, சாவி, குடை, கேக்கலை என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பதினாறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எதிர்வீட்டு மாமிதான் முதலில் பேசினாள். "இப்போ எதுக்கு மாமா அதெல்லாம்? பாவம், அவளுக்கு ஆதியிலேர்ந்தே கொஞ்சம் புத்தி சரியில்லை."

"உங்க கையில இருக்கிற காகிதத்தைப் படியுங்கோ" என்றேன். "ஆறும் அவ செஞ்சது. ஆறையும் நாமதான் நிறுத்தினோம். என் பங்கு பெரிசு. உங்க பங்கு இல்லாம இல்லை."

மாமி காகிதத்தை மடித்தாள். பேச வந்த பெண்மணி மெதுவாக, அவருடைய பெயர் என்ன என்று கேட்டார்.

அவளுக்குப் பெயர் இருந்ததாகவே தெருவுக்கு நினைவில்லை. பக்கத்தாத்து மாட்டுப்பெண். கிழவி ஏண்டி என்பாள், புருஷன் இந்தா என்பான். அசோசியேஷன் பதிவேட்டை அந்தக் காலத்தில் எழுதியவன் நான்தான். வீட்டுக்காரர் பெயர், அதற்கு எதிரே அங்கத்தினர் மூன்று என்று எழுதியிருந்தேன். எண்ணிக்கை சரி.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து அவள் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரை, எல்லோருக்கும் கேட்கும்படி, இரண்டு தடவை. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளுடையதில் ஒன்றை ஏற்கனவே எடுத்துவிட்டேன். நாலு மணி முதல் நாலே முக்கால் வரை.